கல் கொண்டு வரவும்

நோட்டீசை எழுதியது நான்தான்.
இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி,
பல்கலைக்கழக அருங்காட்சியகம், கட்டணம் இல்லை,
குடும்பத்தோடு வரலாம்.
ஆளுக்கொரு கல் கொண்டு வரவும்.
கடைசி வரியில் ஒற்றுப்பிழை பார்த்தேனே தவிர
கோயமுத்தூரைச் சுற்றி அதை
யார் யார் எப்படி வாசிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார்கள்.
காவலாளி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்து
“கல்லுங்களா, போங்க” என்றார்.

முதலில் டாக்டர் அமிர்தகௌரியின் உரை.
அரைமணி நேரம் என்று சொல்லி ஐம்பது நிமிடம்.
புரொஜெக்டர் நீலத்தைத் தாண்டி
வேறெதையும் காட்ட மறுத்ததால்
பாறைகளைக் கையில் தூக்கிக் காட்டினார்.
தோள் வலித்திருக்கும்.
“நாம உக்காந்திருக்கற பாறைக்கு
வயசு இருநூத்தைம்பது கோடி” என்றபோது
பின்வரிசையில் ஒருவர் கேட்டார்:
“பத்திரம் யார் பேர்லீங்க?”

பிறகு என் மேசை. லென்ஸ், காந்தம்,
அமிலச்சொட்டுப் புட்டி, நுண்ணோக்கி,
வராத உதவித்தொகையின் நான்காம் மாதம்.

காங்கேயத்துத் தம்பதி
சந்திரகாந்தக் கல் என்று நம்பி
பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது
நிலா ஏறாத வெறும் ஃபெல்ட்ஸ்பார்.
எப்படிச் சொல்வது?
“சந்திரகாந்தத்துக்குச் சொந்தமுங்க” என்றேன்.
“மாமன் மச்சானா, பங்காளியா?”
“பங்காளி.”
“அப்ப ஒண்ணும் கெடைக்காது” என்று
அந்தம்மா துணியை மடித்தார்.

ஒரு பையன் ரயில்பாதைச் சல்லி.
ஒரு பையன் கற்கண்டு;
கடினத்தன்மை பார்ப்பதற்குள் பாதி கரைந்திருந்தது,
அவன் வாயில்.

பொங்கலூர் சென்னியப்பன்
உரச்சாக்கின் துண்டில் கட்டியிருந்தது
சாம்பல் நிறப் பொடி.
“கல்லுதானுங்க. பொடியாத்தான் வந்துச்சு.
மூணாவது போர்.”
லென்ஸில் குவார்ட்ஸ் மினுங்கியது,
கறுப்பாக ஏதோ, கொஞ்சம் மைக்கா.
ஈரம் பட்டறியாத அழகு.
“இன்னொரு நூறடி போனா?”
ஆழம் போகப் போக
பாறையில் வெடிப்பு குறையும் என்பது பாடம்.
சொன்னேன்.
வண்டிக்காரன் வேற சொன்னானுங்களே என்றார்,
கோபமில்லாமல்.

ஒரு சிட்டிகை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டு
சீட்டில் எழுதினேன்: ஆழம் 1180 அடி.
“எம்பத்திரெண்டுங்க.
அந்த ரெண்டடிக்கும் காசு குடுத்திருக்கேன்.”
திருத்தினேன்.

கடைசியாக லோகமணி.
சரக்கு ஆட்டோ, பல்லடம்.
கூடவே ஆறாம் வகுப்பு மிதுஷா.
சட்டைப்பையிலிருந்து தைலப்புட்டி எடுத்து
மூடியைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்தினார்.
“எந்தக் கல்லுன்னு நோட்டீசுல போடலீங்களே.
இது எனக்குள்ள இருந்து எடுத்தது.”

மிளகளவு. பழுப்பு.
நுண்ணோக்கியின் கீழே
முள்முள்ளாய்க் கிளைத்த படிகக் காடு.
அமிர்தகௌரி ஓடிவந்து குனிந்தார்,
வெகுநேரம் நிமிரவில்லை.
பூமியிலும் இருக்கிறது இது, அபூர்வமாக,
வேவெல்லைட் என்று பெயர் என்றார்.
வரிசை கலைந்து எல்லோரும் பார்த்தார்கள்,
காவலாளி இரண்டு முறை.

“எத்தன கோடி வருசம்?” என்றாள் மிதுஷா.
“மூணு மாசம் கண்ணு.
எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

எங்க ஊர் உப்புத்தண்ணியாலதானே என்று கேட்டார்.
தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது,
வெயிலில் ஓட்டுகிறீர்கள்,
குடிப்பது போதாது என்றார் டாக்டர்.
பக்கத்து நாற்காலியில்
பொடியை முடிந்துகொண்டிருந்த சென்னியப்பன்
யாரையும் பார்க்காமல் சொன்னார்:
“தண்ணி கெடச்சவனுக்கும் கல்லுதானாக்கும்.”

லோகமணிதான் முதலில் சிரித்தார்.
புட்டியை என் பக்கம் தள்ளினார்:
“வச்சுக்கோங்க. திருப்பித் தர வேண்டாம்.”

மதியம் பதிவேட்டை நிரப்பினேன்.
கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில்
பல்லடம் என்று எழுதி, அடித்து,
லோகமணி, இடது பக்கம் என்று எழுதினேன்.
மேசையில் கற்கண்டு சிந்திய இடத்தில்
எறும்புகள் வரிசை கட்டியிருந்தன,
ஆளுக்கொரு கல்.