நான்கு ரப்பர்

ஞாயிறானால் ரசீதுப் புத்தகத்தோடு
முத்தூர் கடைவீதியில் இறங்கிவிடுவேன்.
எண்ணெய் மில்லுக்காரர் ஐயாயிரம் தந்தார்,
சக்கர நாற்காலியின் முதுகில்
அவங்கப்பன் பேர் பெரிசா வரோணுமென்று.
எழுதியாயிற்று.
உட்காருகிறவருக்குத் தெரியாது,
தள்ளுகிறவர் படித்துக்கொண்டே போகலாம்.

கொப்பரைக் களத்து ராக்கியம்மாள்
"போன மாசந்தானுங்க குடுத்தேன்" என்பார்.
கொடுக்கவில்லை.
சரிங்க என்று நகர்ந்துவிடுவேன்,
நாளைக்கும் அந்தப் பக்கம் போகவேண்டுமே.

அறக்கட்டளை என்கிறது போர்டு.
ஷட்டர் போட்ட ஒற்றை அறை.
மூன்று வாக்கர், இரண்டு ஆக்சிஜன் உருளை,
ஒரு குளிர்பெட்டி. அதற்கு மட்டும்
கேட்காமலே பணம் வந்துவிடுகிறது.
வாடகை கிடையாது, நோட்டில் கையெழுத்துப் போதும்.

வியாழக்கிழமை, மழை விட்ட நேரம்,
தறிக்காரர் செங்கோட்டுவேல்
வாக்கரைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார்.
"அம்மிணிக்கு இனி வேண்டாமுங்க."
நடக்கிறாளா, போய்விட்டாளா?
நான் கேட்கவில்லை.
அவர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

போகும்போது காலெல்லாம் தேய்ந்து
தரையில் டக் டக்கென்ற வாக்கர்.
இரண்டு வருசமாய் நாங்கள் மாற்றாத இடத்தில்
நான்கு புது ரப்பர், கறுப்பு மாறாமல்.
"ரசீது போடட்டுங்களா?"
"அதுக்கெல்லாம் எதுக்குங்க"
வண்டியை உதைத்துவிட்டார்.

இரவு வரவுப் பக்கத்தில்
'ரப்பர் – 4' என்று எழுதி
தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஆடிட்டர் கத்துவார்.

விளக்கணைக்கும் முன்
அதைப் பிடித்துக்கொண்டு
ஷட்டர் வரை நடந்து பார்த்தேன்.
சத்தமே வரவில்லை.