கடன் நோட்டின் பின்பக்கம்

ஹித் படகுத்துறையில் ஐஸுக்கு வரிசை
விடியுமுன் மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.
தகப்பன் போன மூன்றாம் வாரம்
கம்பெனிச் சாவியோடு வந்து நின்றாள் முனீரா.
இருபத்தாறு வயது. அபாயாவுக்குக் கீழே
மீன்காரர்கள் போடும் ரப்பர் பூட்ஸ்.

"எத்தனை நாளைக்கு?" என்றான்
லாரி ஓட்டும் சுலைமான்குட்டி.
நானும் அதைத்தான் நினைத்தேன்.
சொல்லவில்லை; இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

அவளுக்கு முதலில் பிடிபட்டது கடன்.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி,
எந்த நாகுதா பெருநாள் கழித்துத் தருவான்,
எவன் தரவே மாட்டான்,
ஒரே மாதத்தில் தலைகீழாகச் சொன்னாள்.
கடனை முன்பக்கத்திலிருந்து நான் எழுதுவேன்.
அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து
அவள் வேறெதையோ எழுதிவந்தாள்.
அரபிக்கு அதுதானே முதல் பக்கம்.

கடன் கேட்கப் போன வீடுகளில்
காசுக்குப் பதில் கிடைத்தவை அவை.
துறை விளக்கு அணைந்து பதினோரு மாதம்.
மழை பெய்தால் உம் யூசுஃப் வீட்டுக் கூடத்தில் சாக்கடை.
பள்ளிக்கூட வேன் நுழையாத சந்து.
உறங்கவிடாத ஏதோ ஒரு மோட்டார்.
அத்தனையையும் தூக்கிக்கொண்டு
முனிசிபாலிட்டிக்கு எட்டுத் தடவை போனாள்.
எட்டுத் தடவையும் டீ கொடுத்தார்கள்.

இரண்டு எழுத்தும் வளர்ந்து வளர்ந்து
நோட்டின் நடுவில் முட்டிக்கொண்ட அன்று
புது நோட்டு வாங்க என்னை அனுப்பிவிட்டு
கவுன்சில் தேர்தலுக்குப் பெயர் கொடுத்து வந்தாள்.

எதிராளியின் கூடாரத்தில்
சோற்றின் மேல் முழு ஆடு படுத்திருந்தது.
எங்கள் கூடாரத்தில் பேரீச்சை, காவா,
கேட்டவர்க்கெல்லாம் ஐஸ் தண்ணீர்.
"ஐஸ்காரிக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர்.
"உருகாமல் கொண்டு சேர்க்கத் தெரியும்" என்றாள்.
பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுந்தது.
நல்ல பேச்சுத்தான். ஆனால் பொய்.
மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே உருகிவிடும்.
கணக்கு எழுதுகிறவன் நான்.

முதல் சுற்றில் யாருக்கும் பாதி இல்லை.
இரண்டாம் சுற்றில் அறுபத்தோரு ஓட்டில் ஜெயித்தாள்.
எனக்கு இங்கே ஓட்டு கிடையாது.
ஊரில் உண்டு.
பதினாறு வருடமாக அதை
யாரோ தவறாமல் போட்டுவருவதாகக் கேள்வி.

பதவியேற்ற பத்தாம் நாள்
ஒரு தாளோடு ஆலைக்கு வந்தாள்.
நடைபாதையை மறிக்கும் சாய்தளத்தை
ஒரு வாரத்துக்குள் இடிக்க வேண்டும்.
கட்டி இறக்க அவள் தகப்பன் போட்ட சிமெண்ட்.
உறங்கவிடாத மோட்டாரும்
எங்களுடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.
தம்பி கத்தினான். "வீட்டிலிருந்தா ஆரம்பிப்பாய்?"
அவள் பதில் சொல்லவில்லை,
பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.
கடப்பாரையின் முதல் போடு அவளுடையது.
அது சரியாக விழவில்லை.
மீதியை நானும் சுலைமான்குட்டியும் இடித்தோம்.

இப்போது லாரி தெருமுனையில் நிற்கிறது.
தோளில் சாக்கைப் போட்டுக் கட்டியைச் சுமக்கிறோம்.
இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருகுகிறது.
நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன்.
வியாழக்கிழமை தோறும் வந்து பின்பக்கத்தைப் புரட்டுகிறாள்.
முடிந்ததை அடிக்கிறாள். பெரும்பாலும் அடிப்பதில்லை.

நேற்று இரவு எல்லாரும் போன பிறகு
பின்பக்கத்தைத் திறந்து,
அரைகுறை அரபியில், வலமிருந்து இடமாக,
முதல் தடவையாக ஒரு வரி நான் எழுதினேன்:
தொழிலாளர் அறை. பதினான்கு பேர். ஒரு கக்கூஸ்.

ததேயு என்று பெயர் போடவில்லை.
அவளுக்கு என் எழுத்து தெரியும்.
நாளை வியாழன்.