பெயர்ப்பு

வங்கிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்குள்
ஒலிபெயர்ப்பாளர் என்று எழுதிக் கொடுத்தேன்.
லிகிதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.
“மொழிபெயர்ப்பாளர் எண்டு வரவேணும். எழுத்துப் பிழை.”
இல்லை, ஒலிதான் என்றேன்.
“அப்ப சத்தத்தைப் பேத்துக் கொண்டுபோய்
வேற இடத்திலை வைக்கிறியளோ?”
பகிடிதான்.
என்றாலும் ஆஸ்பத்திரி வீதி முழுக்க
அந்தச் சொல் செயின் கவரில் உரசிக்கொண்டே
என்னோடு சைக்கிளில் வந்தது.

கல் தடக்கினால் நகம் பெயரும்.
மாரிக்குச் சுவரில் காரை பெயரும்.
கத்தரிக் கன்றைப் பெயர்த்து நட்டால்
இரண்டு நாள் தலை தொங்கும்,
பிடித்தால் பிடிக்கும்.
நாங்கள் பதிவேட்டின்படி இருமுறை இடம்பெயர்ந்தோர்
(மூன்று முறை. ஒன்றுக்குப் பதிவில்லை).
அதே சொல்லை இப்போது காதில் மாட்டிக்கொண்டு
ஒரு நிமிடக் குரலுக்கு அறுபது ரூபாய் வாங்குகிறேன்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்கு மேலே அறை.
மேசைக்குக் கீழே ஒரு மிதி.
மிதித்தால் குரல் பின்னுக்கு ஓடும்,
விட்டால் திரும்பவும் சொல்லத் தொடங்கும்.
காணி கேட்டு வந்தவர்களின் வாக்குமூலங்கள்.
கேட்டபடி எழுத வேண்டும்.
இருமினால் (இருமல்).
ஒன்றும் கேட்காவிட்டால் (மௌனம்).
எத்தனை மாத்திரை மௌனம் என்று
எவரும் இதுவரை விசாரித்ததில்லை.

கொழும்பிலிருந்து சிவகடாட்சம் திருத்தி அனுப்புவார்.
எண்டு, என்று ஆகியிருக்கும்.
உந்தக் காணி, அந்தக் காணி ஆகியிருக்கும்.
ஐயா,
இந்தக் காணி சொல்பவளின் கையில்.
அந்தக் காணி இருவருக்கும் எட்டாத தூரத்தில்.
உந்தக் காணி,
கேட்டுக்கொண்டு இருக்கிற உங்களிடம்.
ஒரு உகரத்தை எடுத்துவிட்டால்
யாரிடம் கேட்கிறா என்பதே போய்விடும்.
பதில் வராது. அடுத்த கோப்பு வரும்.

நாற்பத்தோராவது கோப்பு.
யேசுரத்தினம், மயிலிட்டி, வயது எழுபத்தொன்று.
கேள்வி: வீடு இப்போது இருக்கிறதா?
பதில்:
மேல்வாய்ப் பல்லில் நாக்கு ஒட்டிப் பிரிகிற
ஒரு சின்னச் சத்தம்.

இருபது தரம் மிதித்தேன்.
இருநூற்று நாற்பத்தேழில் ஒன்றும் ஒத்துவரவில்லை.
இச் என்று போட்டால் முத்தம்.
ச்சீ என்று போட்டால் கோபம்.
த்ச் என்று தொடங்கத் தமிழ் விடாது.
இல்லை என்று எழுதினேன்.
எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

கையெழுத்து வைக்க அவ வந்தா.
மீன் கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு ஏறி வந்தா.
வாசித்துக் காட்டினேன்.
“நான் எப்ப இல்லை எண்டனான்?”
வீடு இருக்கோ எண்டு கேட்டவைக்கு…
அதே சத்தம் திரும்பவும்.
இம்முறை அதன் பின்னால் ஒரு மூச்சும் இருந்தது,
ஒலிவாங்கிக்கு எட்டாத மூச்சு.
“கூரையில்லை. அறைச்சுவர் ஒண்டும் இல்லை.
கக்கூஸ் மட்டும் முழுசாக் கிடக்கு,
ஆரோ பச்சைப் பெயின்ற் அடிச்சு,
பூட்டும் போட்டு வைச்சிருக்கினம்.
உதுக்கு நான்
இருக்கெண்டு சொல்லுறதோ, இல்லையெண்டு சொல்லுறதோ?”

எனக்கு விளங்கியது.
எழுதத்தான் வரவில்லை.

அவ போனபின் இல்லையை அழித்தேன்.
வெற்றிடம் விட்டால் கணினி மூடிவிடும்.
விசைப்பலகையின் ஓரத்தில்
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
ஒன்று இருந்தது.

பதில்: ஃ

வீடு போனபின் கிடக்கிற
மூன்று அடுப்புக்கல் மாதிரித்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
சிவப்பு வட்டம். எழுத்துப் பிழை.
நான் ஒன்றும் மாற்றாமல் மறுபடி அனுப்பினேன்.
உந்தப் பிழை
உங்கையே கிடக்கட்டும்.