ஞகர வியாழன்

ஊறுகாய்ப் புட்டியைச் சுற்றி வந்தது அந்தத் தாள்.
எண்ணெய் குடித்து ஓரம் கண்ணாடியாகியிருந்தது.
வலது பாதியை யாரோ கத்தரித்து
வேறு புட்டிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.
மிஞ்சியது ஞகர வரிசை,
சொற்கள் மட்டும்.
பொருள்கள் வேறெந்த நாட்டிலோ
இறங்கிவிட்டன.

ஜுபைல். முகாம் ஆறு, அறை பதினேழு.
கட்டில் ஆறு, ஆள் ஐந்து.
வியாழன் இரவு, மறுநாள் விடுப்பு.
ஒருவன் சொல்லை வாசிப்பான்,
மற்றவர்கள் பொருள் செய்வோம்.
யாருடையது எடுபடவில்லையோ
அவன் கப்சா சட்டியைக் கழுவ வேண்டும்.

ஞிமிறு.
ஏசி சாகும் முன் போடும் கடைசிச் சத்தம்,
என்றான் பூவலிங்கம்.
அவன் ஏசி மெக்கானிக். மறுப்பாரில்லை.

ஞொள்கு.
சேசடிமை கண்ணை மூடிக்கொண்டான்.
சம்பளம் ஏறிய குறுஞ்செய்திக்கும்
ஊருக்கு அனுப்பிய குறுஞ்செய்திக்கும் நடுவே
பணம் நம்முடையதாக இருக்கும்
பதினொரு நிமிடம்.
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு நைனா சொன்னான்:
'எனக்கு ஒன்பது.'

ஞாங்கர்.
என் முறை.
உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் இடையே
செருப்பும் சார்ஜர் வயரும் நேற்றைய சண்டையும் கிடக்கிற
ஓரடித் தரை.
சுமார், என்றார்கள்.
சட்டி எனக்கு.

சனிக்கிழமை சொற்கள் எங்களோடு பஸ் ஏறின.
சாரத்தின் உச்சியிலிருந்து நைனா
'ஞாட்பு! ஞாட்பு!' என்று கத்தினால்
கீழே எல்லோரும் தலைக்கவசம் தேடுவோம்.
ஃபோர்மேன் ஹம்தி
தேநீர் குடிக்காமல் வருகிறார் என்று அர்த்தம்.
மூன்றாம் வாரம் அவரே
கோப்பையை உயர்த்திக் காட்டிச் சொன்னார்:
'இன்னிக்கு மாஃபி நாத்பு.'

ஆறாவது கட்டிலுக்குத் திருமேனி வந்தான்.
கைபேசியில் பேரகராதி வைத்திருந்தான், பாவம்.
அன்றைய சொல் ஞமலி.
நாங்கள் சொல்லி முடித்திருந்தோம்:
பஸ்ஸில் நம் தோளில் தூங்கிப்போகும் அந்நியன்.
குப்பூஸின் கருகாத பக்கம்.
பாஸ்போர்ட் படத்தில் மட்டும் இருக்கும் முகம்.
நைனாவுடையது இங்கே எழுதத் தக்கதல்ல.
திருமேனி திரையைப் பார்த்து
நிறுத்தி நிறுத்தி வாசித்தான்:
'நாய். மயில். கள்.'

மூன்றுமா, என்றான் சேசடிமை.
மூன்றும்.
ஒரே சொல்லுக்கா?
ஒரே சொல்லுக்கு.
கள்ளா! மெதுவாகச் சொல்லுடா,
வாட்ச்மேன் காதில் விழப்போகிறது.

பூவலிங்கம் கட்டிலிலிருந்து விழுந்து
தரையிலும் சிரித்தான்.
இத்தனை பெரிய புளுகுக்கு
எங்களில் எவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை.
அகராதி ஜெயித்தது.
ஐந்து பேரும் வரிசையில் நின்று
ஒரே சட்டியைக் கழுவினோம்.

போன வெள்ளி வீட்டுக்குப் பேசுகையில்
வாய் தவறி, 'இந்த மாச ஞொள்கு முடிஞ்சுது' என்றேன்.
செந்திரு என்னவென்று கேட்கவில்லை.

இந்த வெள்ளி அவளே ஆரம்பித்தாள்:
'உங்க பையன் பள்ளிக்கூடத்துல ஒரே ஞொள்கு.
டீச்சர் வரச் சொல்லியிருக்காங்க.'

பெரிய ஞொள்கா, சின்னதா, என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை.
'போன வருஷத்துக்கு இது சின்னது.
ஆனா வால் நீளம்.'

இங்கே சட்டி காத்திருக்கிறது.
எனக்குத்தான்.