வெற்றெடை

எஞ்சின் மூடியில் கை வைத்தேன்.
சூடு.
நான் வருமுன்பே யாரோ ஓட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.
"இப்பதான் கழுவினேன், அதுக்காக நகர்த்தினேன்"
என்கிறார் டயர்க்கடை சுல்கிப்ளி.
கழுவிய காரில் ஒரு சொட்டு ஈரமில்லை.
நாளை விடியற்காலை வருகிறேன்,
அதுவரை தொடாதீர்கள் என்றேன்.

லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
வெள்ளி நிறச் சத்ரியா, இரண்டே கதவு,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
நிறத்துக்கும் பணத்துக்கும் ஒரே சொல் பேசும் ஊரில்
கண் கூசுவது சுலபம்.

தம்பி தவநேசன் படம் படமாய் அனுப்புகிறான்:
அக்சியா, நாலு கதவு, எண்ணெய் குடிக்காது.
"இதுல கேஸ் தோங்க எங்க வைப்ப?"
பின்சீட்டை மடக்கி.
"தீபாவளிக்குப் பெரியம்மா வந்தா?"
பெரியம்மாவையும் மடக்கி.

பதினொரு வருடமாய் ஆலையின் எடைப்பாலத்தில்
உட்கார்ந்திருக்கிறேன்.
குலையோடு வரும் லாரி ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
கழித்து வருவதுதான் காசு.
குலைக்கடியில் ஈரமணல் பரப்பியவர்கள்,
தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வந்து
உள்ளே போய்த் திறந்துவிட்டவர்கள்,
டிரைவரோடு மச்சானையும் ஏற்றி நிறுத்தியவர்கள்,
எல்லாரையும் பார்த்தாயிற்று.
சுல்கிப்ளி, உங்கள் சூடான எஞ்சின்
எனக்கு ரொம்பச் சின்ன விஷயம்.

ஐந்து மணி. பனி. இரும்பு சில்லிட்டிருந்தது.
முதல் சாவிக்கு முனகி,
இரண்டாவதற்கு எழுந்தது.
நீலப்புகை ஒரு மூச்சு, அப்புறம் இல்லை.
கம்பளத்தைத் தூக்கினேன், ஈரமில்லை.
மாற்றுச் சக்கரத்தின் குழியில்
ஐம்பது சென் அகலத்துக்குத் துரு.
டயர்க்கடைக்காரர் காரில்
நாலு டயரும் நாலு கம்பெனி.
"மூணாவது கியர் கொஞ்சம் பிடிவாதம்"
என்று அவராகவே சொன்னார்.
ஆயிரம் குறைத்துக் கேட்க வந்தவள்
அதைக் கேட்டபின்
ஐந்நூறு என்றேன்.

தினசரி ஓட்டத்துக்கு இது ஆகுமா?
என் தினசரி இப்படி:
வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினைந்து கிலோமீட்டர்.
அதில் பதினொன்று தோட்டத்துச் செம்மண்.
மேடு, குழி, லாரியிலிருந்து உருண்ட குலை,
நடுப்பாதையில் படுத்து எழாத மாடுகள்,
முப்பதைத் தாண்டினால் பேரெழுதும் ஜாகா.
இந்தக் காருக்கு வயிறு தாழ்வு.
ஒவ்வொரு மேட்டையும் கோணலாய் ஏறிக்
கோணலாய் இறங்கவேண்டும்,
கர்ப்பிணி படியிறங்குவது போல.

மிச்சம் நாலு.
ஊர் எல்லையிலிருந்து தோட்டத்து முச்சந்திவரை
வளைவே இல்லாத தார்ச்சாலை,
இருபுறமும் செம்பனை, எதிரே ஒருவருமில்லை.
இரண்டரை நிமிடம்.
அதற்குத்தான் பதினெட்டாயிரம்.
தம்பியிடம் இதைச் சொல்லவில்லை.
லிட்டர்க் கணக்கில் சொல்ல வராது.

வாங்கிய மறுநாள், லாரிகள் வருமுன்
எடைப்பாலத்தில் ஏற்றி நிறுத்தினேன்.
என் நாற்காலியில் ரஃபிக்குல்.
இறங்கி நின்றேன்: ஆயிரத்து அறுபது.
ஏறி அமர்ந்தேன்: ஆயிரத்து நூற்றிருபது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
உண்மையில் நான் ஐம்பத்தாறு.
ஆனாலும் பதினொரு வருடத்தில் முதல் தடவை
அந்தப் பாலம்
என்னைக் கழித்துப் பார்த்தது.

"அக்கா, சரக்கு என்னன்னு போட?"
குலை, கொட்டை, எண்ணெய், ஓடு, இதர.
கட்டத்தை வெறுமையாய் விட்டால்
சீட்டு வராது.
ரஃபிக்குல் கொஞ்சம் யோசித்து
இதர என்று அழுத்தினான்.

பின்னால் முதல் லாரி ஹார்ன் அடித்தது.
சீட்டைக் கண்ணாடி ஓரம் செருகிக்கொண்டு
நகர்ந்தேன்,
எதிரிலிருந்த மேட்டுக்குக்
கோணலாய்.