பழைய அடி

ஜெலுத்தோங் பட்டறையில்
என் வேலை எளிது.
அடிபட்ட காரைச் சுற்றி வந்து
எது புது அடி, எது பழைய அடி என்று
காப்புறுதிக் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும்.
புது அடியில் தகரம் பளபளக்கும்.
பழையதில் துரு ஏறியிருக்கும்,
சில சமயம் எறும்பு குடியிருக்கும்.
பதினான்கு வருடத்தில்
என்னை ஏமாற்றிய கார்கள் குறைவு.

நேற்று மாலை ஐந்தேமுக்காலுக்கு
சற்குணன் அனுப்பியது ஒரே ஒரு சொல்:
"சரி."
சரிக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி.
அவன் புள்ளி வைக்கிறவன் இல்லை.
கேள்விக்குறிகூட வைக்க மாட்டான்;
"சாப்டியா" என்று அவன் அனுப்பினால்
அது கேள்வி என்று எனக்குத்தான் தெரியும்.

திரையைப் படமெடுத்து
அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
உள்ளே ஒரு பெண் இருந்தாள்,
பட்டர்வொர்த்தில்,
என்னைவிடப் பத்து கிலோ குறைவாக,
சிரிக்கும்போது வாயைக் கையால் மூடாதவளாக.

ஏழு மணிக்கு அவர்களுக்கு வீடு பார்த்துவிட்டேன்.
எட்டு மணிக்குத் திரைச்சீலை வாங்கினேன்.
ஒன்பதுக்குப் புரிந்தது,
இரண்டு வருடமாக அவன் என்னோடு இருப்பதே
என் ஃபிளாட்டிலிருந்து ஜெட்டிக்கு
நடந்தே போய்விடலாம் என்பதற்காக.

நாற்பத்தொரு வயதில் கிடைத்ததை
உன்னால்தான் கெடுத்துக்கொள்ள முடியும்
என்றது குரல்.
என் குரல்தான்,
அம்மாவின் மூச்சைக் கடன் வாங்கியிருந்தது.

அம்மா என்னை அடித்ததில்லை.
பேசாமல் இருப்பாள்.
ஒரு கண்ணாடித் தம்ளருக்கு மூன்று நாள்.
வீட்டில் காற்றாடி மட்டும் பேசும்.
நாட்காட்டித் தாளைக் கிழித்து
பின்பக்கம் "மன்னிச்சிருங்க" என்று எழுதி
அரிசி டின்னுக்குள் வைப்பேன்,
அளக்கும்போது கண்ணில் படட்டும் என்று.
மறுநாளும் தாள் அங்கேயே இருக்கும்.
அரிசி மட்டும் குறைந்திருக்கும்.

பத்தரைக்கு நான் தயார்.
அவன் போவதற்கு முன்
நான் போய்விட வேண்டும்.
குவளையிலிருந்து அவன் பிரஷை எடுத்து
பிளாஸ்டிக் பையில் சுற்றிக்
கைப்பையில் போட்டேன்.
"இந்தா, உன் சாமான் இவ்வளவுதான்."
கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
முதல் முறை நன்றாக வந்தது.

ஃபெரிக் காற்றில் கலைந்த தலையோடு வந்தான்.
கையில் தாப்பாவ், மீ கோரெங் இரண்டு,
என்னுடையதில் சோத்தோங் போடாமல்.
"கோபமா?" என்றேன்.
"ஆமா" என்றான்.

கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அத்தனை பேருக்கு முன்னால
எங்க அண்ணனை நீ அப்படிச் சொல்லியிருக்க வேணாம்.
காலைல பேசுவோம். இப்ப பசிக்குது."

கோபமாக இருக்கும் ஒருவர்
என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு
அதற்கு முன் நான் பார்த்ததில்லை.
எலுமிச்சைத் துண்டை
என் பக்கம் தள்ளினான், முகத்தைப் பார்க்காமல்.
அவன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் மீ ஆறிப்போனது.

அண்ணனைச் சொன்னது தப்புதான்.
எழுதிக்கொள்கிறேன்:
முன்பக்கம், இடது, ஒரு நெளிவு. புதியது.
மீதிக்கு அறிக்கையில் நாங்கள் போடும் வாசகம்
"இந்த விபத்தில் ஏற்பட்டதல்ல."
அதை எழுதக் கை வரவில்லை.
எழுதினால்
அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று
எனக்குத் தெரியும்.

குளியலறையிலிருந்து கூப்பிட்டான்:
"என் பிரஷ் எங்க"
கேள்விக்குறி இல்லாமல்.

கைப்பையைத் திறந்தேன்.
பெட்ரோல் ரசீதுகளுக்கும்
அளவு டேப்புக்கும் நடுவில்
இன்னும் ஈரமாக இருந்தது.
இரு, என்றேன்,
கழுவித் தருகிறேன்.