இடது ஓரம்

பெட்டிக்குள் நான்கு வட்டுகள்.
இரண்டாவதில் இருக்கிறோம் நாங்கள்,
ஹ்ராடிஷ்டே ஊர்க்காரர்கள் நாற்பத்திரண்டு பேர்,
நூறு வருடம் தூங்குவதற்காக
நாளுக்கு நானூறு கொரூனாவும்
மதியம் ஒரு கிண்ணம் குலாஷும் வாங்கியவர்கள்.

பணம் லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வந்தது.
கோட்டை மட்டும் எங்களுடையது.
பழைய கதைகளையெல்லாம் பிரித்து
வேறு மாதிரித் தைத்திருந்தார்கள்:
ஓநாய்க்குக் கடன். சூனியக்காரிக்குப் பல்வலி.
விழித்த இளவரசி முதலில் கேட்பது
முத்தமிட்டது யார் என்றல்ல,
இத்தனை வருட வரிப்பணம் யாரிடம் என்று.

எனக்குச் சமையல்காரி வேஷம்.
எடுபிடிப் பையனை அறையக் கையோங்கியபடியே
உறைந்துபோக வேண்டும்.
முதல் நாள் மத்தியானமே கை மரத்துவிட்டது.
இரண்டாம் நாள் மணிக்கட்டில் தூண்டில் நரம்பு கட்டி
உத்தரத்தில் மாட்டினார்கள்.
படத்தில் தெரியாது என்றார்கள்.
தெரியவில்லைதான், அப்போது.
அறை வாங்கக் காத்திருந்த யிர்காவுக்கு ஒன்பது வயது.
மூக்கு அரிக்கிறதென்று கண்ணை மூடியபடியே அழுதான்.
இப்போது ரோட்டர்டாமுக்கு லாரி ஓட்டுகிறான்.

என் கணவர் போஹுஷ் நடிக்கவே இல்லை.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்து மாவு மூட்டையில் சாய்ந்தவர்.
குறட்டை விடுகிறாரென்று
ஒலிப்பதிவுக்காரர் இரண்டு முறை எழுப்பினார்.
ஊரிலேயே சிறந்த நடிகர் என்று
இயக்குநர் கைகுலுக்கினார்.

தொலைக்காட்சியில் வந்தபோது அவரைக் காணோம்.
சதுரப் பெட்டிக்குள் அடங்காத இரு பக்கத்தையும்
நறுக்கி எறிந்திருந்தார்கள்.
என் இடது தோள் வரை கோட்டை,
அதற்கப்பால் எங்கள் வீட்டு அலமாரி.
பியர்க்கடையில் ஆறு மாதம் அவரை ஓட்டினார்கள்.

பதினெட்டு வருடம் கழித்து இந்தப் பெட்டி.
அகலத்திரை, அழுக்கு நீக்கிய படம்.
என் பிறந்தநாளுக்கு அவரேதான் வாங்கி வந்தார்,
"கடைசியில் நானும் இருக்கிறேன் பார்" என்று.

இருக்கிறார்.
ஐம்பத்து மூன்றாம் நிமிடம், இடது ஓரம்,
வாய் லேசாகத் திறந்து.
மூட்டைக்கு அந்தப் பக்கம் வ்லாஸ்தா,
தபால் நிலையத்து வ்லாஸ்தா,
துடைப்பத்தோடு தூங்குகிறாள்.
துடைப்பத்தைப் பிடித்திருப்பது ஒரு கைதான்.

நிறுத்தினேன்.
தூங்குகிறவர்களை நிறுத்தினால்
எதுவும் மாறுவதில்லை.
ஒரு ஈ மட்டும்,
அதற்கு யாரும் சம்பளம் பேசவில்லை,
அந்தரத்தில் நின்றது.

ஒரு ஃபிரேம் பின்னால். இன்னொன்று.
காலி மாவுப் பைக்கு அடியில் இரண்டு கட்டைவிரல்கள்.
ஒன்றின் மேல் ஒன்று மெல்லப்
போகிறது, வருகிறது.
தூங்குகிறவனின் கட்டைவிரல் அப்படிப் போகாது.

ஊரிலேயே சிறந்த நடிகர்.

அந்த இலையுதிர் காலத்திலேயே வ்லாஸ்தா
ப்ர்னோவுக்கு மாற்றலாகிப் போனாள்.
விடைபெற வந்தவளுக்கு பிளம் ஜாம் கொடுத்தேன்.
ஆறு பாட்டில்.

சமையலறையில் முட்டை உடையும் சத்தம்.
"வந்துவிட்டேனா நான்?" என்று கத்துகிறார்.
"வந்துவிட்டீர்கள்" என்கிறேன்.

சாபம் நீங்குவதையும் எடுத்தார்கள்.
எல்லோரும் விழிக்கும்போது கேட்கும் முதல் சத்தம்
சமையல்காரி விடும் அறைதான்.
நீளம் கருதி அதை வெட்டிவிட்டார்கள்.
நான்காம் வட்டில், விடுபட்ட காட்சிகளில் தேடினேன்.
ஓநாய் தும்முவது இருக்கிறது. அது இல்லை.

ஆகவே திரையில் இன்னும் நிற்கிறேன்,
முப்பத்தாறு வயதில், ஓங்கிய கையோடு.
துடைத்தெடுத்த படத்தில் நன்றாகவே தெரிகிறது
மணிக்கட்டிலிருந்து உத்தரத்துக்கு ஏறும் நரம்பு.

இரண்டு தட்டுகளோடு அவர் வந்து உட்கார்கிறார்.
முட்டையில் உப்பு அதிகம்.
ரிமோட் என் மடியில்.
ஈ இன்னும் இறங்கவில்லை.